விருதுப் பட்டியலை வைத்து ஒரு தெருவே வாசிக்க முடியுமா? வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

சாகித்திய அகாதெமி தமிழுக்கு ஆண்டுதோறும் நான்கு விருது தருகிறது. முதன்மை விருது 1955 முதல் வருகிறது. மொழிபெயர்ப்பு விருது 1989இலும், சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் 2010இலும், முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கான யுவ புரஸ்கார் 2011இலும் சேர்ந்தன. நான்கையும் அடுக்கிப் பார்த்தால் ஆறு வயதுப் பிள்ளை முதல் அறுபது தாண்டியவர் வரை ஒரு தெருவே வாசிப்பதற்கான பட்டியல் தயாராக இருப்பது போலத் தோன்றும். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் வாசகர் வட்டமோ பள்ளி நூலக மன்றமோ தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது இந்தப் பட்டியலைத்தான்.

பட்டியல் நல்ல பட்டியல். ஆனால் அதை அப்படியே வாசிப்புத் திட்டமாக்கினால் மூன்றாவது வாரத்தில் ஆள் குறையும். எங்கே இடறுகிறது, எதைச் சேர்த்தால் நிற்கும், பொது நூலகமும் பள்ளிக் கல்வித் துறையும் இணைய நூலகங்களும் எந்த அளவுக்குக் கை கொடுக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், விருது பெற்ற புத்தகம் கைக்கு வருகிற கதை. முதன்மை விருது புதுப் புத்தகத்துக்குத் தரப்படுவதில்லை. விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகளில் முதல் பதிப்பு வந்த நூல்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 2024 விருதுக்கு 2018 முதல் 2022 வரை வந்தவை. ஆக, டிசம்பரில் அறிவிப்பு வரும்போது அந்தப் புத்தகம் வெளிவந்து குறைந்தது இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். தமிழில் இலக்கிய நூல்களின் முதல் பதிப்பு பல நேரம் சில நூறு படிகள்தான். அது விற்றுத் தீர்ந்திருந்தால் அறிவிப்பு வந்த வாரத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் "ஆர்டர் போட்டிருக்கோம்" என்பதே பதில். கடைக்காரர் மேல் தப்பில்லை. பதிப்பாளர் அப்போதுதான் மறுபதிப்புக்கு அச்சகத்தில் பேசிக்கொண்டிருப்பார்.

எனவே முதன்மை விருது நூலை ஜனவரியிலேயே தொடங்கத் திட்டமிட வேண்டாம். சென்னை புத்தகக் காட்சிக்கு மறுபதிப்பு வந்துவிடும். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது அங்கேயே பத்து விழுக்காடு கழிவில் வாங்கலாம். வாசிப்பை ஜூனில் தொடங்கினால் பள்ளி திறந்திருக்கும், கத்திரி வெயிலும் கழிந்திருக்கும். வேலூரில் மே மாத மாலைக் கூட்டம் என்பது காகிதத்தில் மட்டும் நடக்கிற கூட்டம்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். விருது தருவது அகாதெமி என்பதால் புத்தகமும் அகாதெமியிடம் கிடைக்கும் என்று நினைத்து அங்கே பணம் அனுப்புவார்கள். விருது பெற்ற தமிழ் மூல நூல்கள் தனியார் பதிப்பகங்களுடையவை. அகாதெமி வெளியிடுவது பெரும்பாலும் பிற மொழி நூல்களின் தமிழாக்கங்கள், தொகைநூல்கள், இலக்கியச் சிற்பிகள் வரிசைச் சிறுநூல்கள். அந்தச் சிறுநூல்களின் விலை குறைவு. ஓர் எழுத்தாளரைப் படிக்கத் தொடங்குமுன் பின்னணி சொல்ல நல்லவை. அதற்காக மட்டும் அங்கே எழுதுங்கள்.

எத்தனை படி வாங்குவது? பதினைந்து பேர் கொண்ட வட்டத்துக்கு ஐந்து படி போதும். மூன்று பேருக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று வாங்கினால் செலவும் கூடும், "வீட்டில் படித்துக்கொள்கிறேன்" என்று கூட்டத்துக்கு வராமல் போவதும் கூடும். ஆறாவதாக ஒரு படியைக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இடையில் சேருகிறவர்கள் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது பக்கக் கணக்கு. பலர் போடாத கணக்கு இதுதான், வட்டம் கலைவதும் பெரும்பாலும் இதனால்தான். தமிழைச் சத்தமாக, கேட்பவருக்குப் புரியும் வேகத்தில் வாசித்தால் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சொல் போகும். ஒரு நாவல் பக்கத்தில் இருநூறு, இருநூற்றைம்பது சொல் இருக்கும். ஆக இருபது நிமிடத்தில் எட்டு, ஒன்பது பக்கம். 2011 விருது பெற்ற சு. வெங்கடேசனின் காவல் கோட்டம், 2013இன் ஜோ டி குரூஸ் எழுதிய கொற்கை, 2014இன் பூமணியின் அஞ்ஞாடி மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. வாரம் ஒரு கூட்டத்தில் சத்தமாக மட்டும் வாசித்தால் ஒரு நாவலுக்கே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். வீட்டில் நாற்பது பக்கம், கூட்டத்தில் எட்டுப் பக்கம் என்று வைத்தால் ஐந்து மாதத்தில் முடியும். அப்படியும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஐந்து மாதம் நீளம்தான்.

அதனால் புது வட்டத்துக்கு எங்கள் பரிந்துரை சிறுகதைத் தொகுப்புகள். விருதுப் பட்டியலிலேயே இருக்கின்றன: அசோகமித்திரனின் அப்பாவின் சிநேகிதர் (1996), நாஞ்சில் நாடனின் சூடிய பூ சூடற்க (2010), வண்ணதாசனின் ஒரு சிறு இசை (2016), அம்பையின் சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை (2021). ஒரு கூட்டத்துக்கு ஒரு கதை. ஒரு வாரம் வராதவர் அடுத்த வாரம் எதையும் இழக்காமல் வந்து உட்காரலாம். வட்டம் நிற்பதற்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. நான்கு மாதம் சிறுகதையில் ஓடிய பிறகு நாவலுக்குப் போனால் ஆட்கள் நிலைப்பார்கள்.

முதல் நாவல் எது என்று கேட்டால் எங்கள் பதில் 1961 விருது பெற்ற அகல் விளக்கு. மு. வரதராசன் இந்த மண்ணின் பிள்ளை. கதையிலும் வாலாசா, பெருங்காஞ்சி, பாலாற்றங்கரை எல்லாம் வருகின்றன. நடை எளிது, வாக்கியம் சிறிது. ஆசிரியர் அறிவுரை சொல்லுகிற இடங்கள் இன்றைய இளைஞருக்குச் சற்று நீளமாகத் தெரியலாம். அந்தப் பக்கங்களை மூத்தவர்கள் வாசிக்கட்டும், அவர்கள் ரசித்து வாசிப்பார்கள். ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டமாகப் போய்விட்டாலும், படிக்கிற வேலூர்க்காரருக்கு அவை போய் வந்த இடங்களாக இருக்கும்.

இங்கிருந்து வட்டார வழக்குச் சிக்கலுக்கு வரலாம். சாகித்திய அகாதெமி நாவல்களில் கணிசமானவை கரிசல், நெல்லை, கன்னியாகுமரிப் பக்கத்து மண்ணைப் பேசுகின்றன. வட ஆர்க்காட்டு வாசகர் "வந்துக்கினு கீறாரு" என்று பேசி வளர்ந்தவர். சோ. தர்மனின் சூல் (2019) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி ஓர் ஊரின் வாழ்வையே எழுதியிருக்கிறார். பாலாறு வறண்டு, ஏரிகள் ஆக்கிரமிப்புக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான நாவல் கிடையாது. ஆனால் முதல் ஐம்பது பக்கத்திலேயே பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். காரணம் கதை இல்லை, சொல். அவர்கள் கண்மாய் என்பது நமக்கு ஏரி. ஏரி நிரம்பி வழிந்தால் அவர்களுக்கு மறுகால் பாய்வது, நமக்கு ஏரி கோடி போவது.

சொல்லுக்குப் பொருள் எழுதிக் கொடுத்தால் பாடமாகிவிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏரிப் பாசனத்தில் விவசாயம் பார்த்த ஒருவரை முதல் இரண்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அணைக்கட்டு, கே.வி. குப்பம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசிப்பவர் மறுகால் என்று நிறுத்தும்போது, "நம்ம ஊர்ல கோடி போவுதுன்னு சொல்லுவோமே, அதான்" என்று அவர் வாயிலிருந்து வரும். அதன் பிறகு நாவல் தானாக நகரும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு அவர்கள் சொல், நம் சொல் என்று குறித்துக்கொண்டே வந்தால், நாவல் முடியும்போது ஒரு சிறு வட்டார அகராதியும் கையில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த நோட்டைக் கொடுங்கள். நன்றாகச் செய்கிறார்கள்.

டி. செல்வராஜின் தோல் (2012) அப்படிப்பட்ட இன்னொரு நாவல். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கதை. பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் வேலை பார்த்த குடும்பங்கள் உள்ள தெருவில் இந்த நூல் வேறு விதமாகவே வாசிக்கப்படும். சுண்ணாம்புக் குழியைப் பற்றி அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் விளக்குவார்கள். ஆனால் நூல் பெரியது, பாத்திரங்கள் அதிகம். தொடக்கத்திலேயே சார்ட் காகிதத்தில் யாருக்கு யார் என்ன உறவு, யார் எந்த வேலை என்று எழுதிச் சுவரில் ஒட்டாவிட்டால் நூறாவது பக்கத்தில் எல்லாரும் குழம்புவார்கள்.

வரலாறு பிடித்தவர்களுக்கு இரண்டு. மு. ராஜேந்திரனின் காலா பாணி (2022), ஆங்கிலேயரை எதிர்த்துப் பாளையக்காரர்கள் நடத்திய 1801 போருக்குப் பின் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களைப் பற்றிய நாவல். ஆ.இரா. வேங்கடாசலபதியின் திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908 (2024) ஆய்வு நூல். வேலூர்க் கோட்டையைப் பார்த்தபடி வளர்ந்தவர்களுக்கு 1806 ஜூலை 10, சிப்பாய்கள் எழுந்த நாள், தெரியும். 1801, 1806, 1908 என்று ஒரு காலக்கோடு போட்டுவிட்டு வாசித்தால் இரண்டுமே பிடிபடும். ஆய்வு நூலின் அடிக்குறிப்புகளைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் அவற்றைப் பார்த்து வந்து கடைசி ஐந்து நிமிடம் சொன்னால் போதும்.

யுவ புரஸ்கார் கல்லூரி மாணவர்களுக்குப் பொருந்தும் என்பது பொதுவான எண்ணம். பாதி சரி. இது எழுதுபவரின் வயதைப் பார்க்கிற விருது, படிப்பவரின் வயதைப் பார்ப்பதில்லை. மென்பொருள் வேலைக்குப் போக இருக்கும் பொறியியல் மாணவர்கள் நிறைந்த காட்பாடிக்கு, ஐ.டி. ஊழியர்களின் வாழ்வைப் பேசும் கார்த்திக் பாலசுப்ரமணியனின் நட்சத்திரவாசிகள் (2021) கச்சிதம். மலர்வதியின் தூப்புக்காரி (2012) தூய்மைப் பணி செய்யும் பெண்ணின் வாழ்க்கை. கன்னியாகுமரி வழக்கு, ஆனால் சிறிய நூல் என்பதால் தாண்டிவிடலாம். ஆர். அபிலாஷின் கால்கள் (2014) போலியோவால் கால் பாதித்த பெண்ணைப் பற்றியது. இதுவும் குமரி மாவட்டப் பேச்சு. மூன்றில் எதைக் கொடுப்பது என்று திணறினால் நட்சத்திரவாசிகளில் தொடங்குங்கள்.

இனி பால சாகித்திய புரஸ்கார். இந்தப் பட்டியலைத்தான் நாங்கள் மிகவும் விரும்புகிறோம், அதிகம் எச்சரிக்கவும் வேண்டியிருக்கிறது.

முதல் விஷயம், வயது. சிறார் என்ற ஒரே சொல்லுக்குள் பாட்டுக் கேட்கிற வயதும் நாவல் படிக்கிற வயதும் அடங்கிவிடுகின்றன. விருது நூலில் எந்த வகுப்புக்கு என்ற குறிப்பு இருப்பதில்லை. கிருங்கை சேதுபதியின் சிறகு முளைத்த யானை (2018) பாடல்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, வாசிக்கச் சொல்லாமல் பாடிக் காட்டுங்கள். மு. முருகேஷின் அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை (2021) கதைத் தொகுப்பு, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குப் பொருந்தும். அவர் வாழும் வந்தவாசி 1989 வரை நம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஊர். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், கதை எழுதுகிறவர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் என்ற எண்ணம் போய்விடும். யூமா வாசுகியின் தன்வியின் பிறந்தநாள் (2024) நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. ஆயிஷா இரா. நடராசனின் விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள் (2014), வேதாளம் கேள்வி கேட்கும் பழைய வடிவத்தில் அறிவியல் சொல்வது. ஆறாம் வகுப்புக்கு மேல். கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பதில் சொல்ல விடுங்கள், பிறகு விடையை வாசியுங்கள்.

எஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் (2020) தனியாகச் சொல்ல வேண்டிய நூல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை, ஒரு மரப்பாச்சி பொம்மையின் துணையோடு, குழந்தைக்குப் புரியும்படி பேசுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறோம். ஆனால் எடுத்த எடுப்பில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்காதீர்கள். நடத்துபவர் முழுதாகப் படித்திருக்க வேண்டும். பெற்றோரிடம் முந்தைய வாரமே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது, பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேறு புத்தகத்தோடு வேறு மூலையில் உட்கார வைக்க வேண்டும். வாசிப்பு முடிந்தபின் ஒரு பிள்ளை தனியாக வந்து எதையாவது சொன்னால், அதிர்ச்சி காட்டாமல், குறுக்குக் கேள்வி கேட்காமல், யாரிடமும் பரப்பாமல் கேட்டுக்கொள்ளத் தெரிந்த ஒரு பெண் அங்கே இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 கரும்பலகையில் எழுதியிருக்கட்டும். இவ்வளவு ஏற்பாடும் செய்ய முடியாவிட்டால் நூலைப் பெற்றோர் கையில் மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது விஷயம், பட்டியலில் ஓட்டைகள். சில ஆண்டுகளில் இந்த விருது ஒரு நூலுக்கு இல்லாமல் எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகத் தரப்படுகிறது. 2016இல் குழ. கதிரேசன், 2017இல் வேலு சரவணன், 2019இல் தேவி நாச்சியப்பன் அப்படிப் பெற்றவர்கள். வேலு சரவணன் குழந்தைகள் நாடகக் கலைஞர். பட்டியலைப் பார்த்துப் புத்தகம் தேடுகிறவர் அந்த ஆண்டை விட்டுவிட்டுப் போவார். விடாதீர்கள். அந்த மாதம் வாசிப்புக்குப் பதில் நாடகம் போடுங்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழாதான்.

அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டோடு ஒப்பிட்டால் நமக்கு என்ன குறை என்று தெரியும். அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் பத்து நூல் கொண்ட நெடும்பட்டியல் செப்டம்பரில் வரும், அடுத்து ஐந்து நூல் இறுதிப்பட்டியல், நவம்பரில் விருது. இளையோர் நூல்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. மொழிபெயர்ப்புக்கான பிரிவு 2018இல் வந்தபோது அந்த நெடும்பட்டியலிலேயே பெருமாள்முருகனின் மாதொருபாகன் ஆங்கிலத்தில் இடம்பெற்றது, 2020இல் பூனாச்சி. வாசகர் வட்டத்துக்கு வெற்றி பெற்ற ஒரு நூலைவிட இந்தப் பத்து நூல் பட்டியல்தான் உதவும். எது வெல்லும் என்று வாதிட்டுக்கொண்டே படிக்கலாம். அகாதெமியிலும் பல கட்டத் தேர்வும் மூவர் நடுவர் குழுவும் உண்டு. ஆனால் அறிவிப்புக்கு முன் வாசகர் கையில் பட்டியல் வருவதில்லை. வந்தால் தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு நூலகத்திலும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் கலகலக்கும். அதுவரை நாமே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மேலே சொன்ன ஐந்தாண்டுக் கணக்கை வைத்து, உங்கள் வட்டத்தில் ஆளுக்கு ஒரு நூல் முன்மொழியச் சொல்லுங்கள்.

பொது நூலகத்துக்கு வருவோம். 1948இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. ஆகவே வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்தான். கூச்சப்படாமல் உள்ளே போங்கள். உறுப்பினர் ஆவதற்கான காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகச் சிறியவை. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர்.

விருது நூல்களைப் பொறுத்தவரை நூலகத்தின் பலம் பழையவை, பலவீனம் புதியவை. கிளை நூலகர் நினைத்த உடனே புத்தகம் வாங்க முடியாது. கொள்முதல் மேலிடத்தில் முடிவாகி, வரிசையாக இறங்கி வர வேண்டும். சென்ற ஆண்டு விருது நூலைக் கேட்டு நூலகரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. எழுபதுகள், எண்பதுகளில் விருது பெற்றவற்றைக் கேளுங்கள். ஜெயகாந்தன், இந்திரா பார்த்தசாரதி, தி. ஜானகிராமன் நூல்கள் கெட்டி அட்டை போட்டு அலமாரியில் இருக்கும். கிளை நூலகம் என்றால் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய் நிற்காதீர்கள். வாசகர் வட்டம் நடத்த இடம் வேண்டுமென்றால் வாய்மொழியாகக் கேட்பதைவிட, நாள், நேரம், எத்தனை பேர், பொறுப்பு யார் என்று ஒரு பக்கக் கடிதமாகக் கொடுப்பது வேலையை விரைவாக முடிக்கும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் நிகழ்ச்சி நடத்த நூலகரே ஆள் தேடிக்கொண்டிருப்பார், அக்டோபரிலேயே போய்ப் பேசுங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு எங்களிடம் முழு மதிப்பெண். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. பெயரே பிள்ளைக்குப் புரிகிறது. விருது நூல்களில் இல்லாத வயதுப் படிக்கட்டு இங்கே இருக்கிறது. சிறு சிறு புத்தகம், ஒரு புத்தகத்துக்கு ஒரு கதை, படித்து முடித்தேன் என்ற நிறைவு அரை மணியில் கிடைத்துவிடும். வகுப்பைப் பார்த்துப் படிநிலை கொடுக்காதீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை நட நிலையில் இருக்கலாம். ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் ஒரு படி இறக்குங்கள். அதையும் மற்றப் பிள்ளைகள் முன்னால் செய்ய வேண்டாம். பற நிலையைச் சரளமாகத் தாண்டியதும் மேலே சொன்ன பால புரஸ்கார் கதைத் தொகுப்புகளைக் கையில் கொடுத்தால் இடைவெளியே தெரியாது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறு முதல் ஒன்பது வரை தேன்சிட்டு என்று அரசே இதழ்களும் தருகிறது. பழைய இதழ்களைச் சேர்த்துத் தைத்து வைத்தால் அதுவே ஒரு நூலகம். குறை ஒன்றுதான்: புத்தகங்கள் பள்ளிக்குள் இருக்கின்றன. கோடை விடுமுறையில், பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும்போது, அறை பூட்டியிருக்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசி, பொறுப்பேற்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டு ஒரு பெட்டிப் புத்தகத்தை எடுத்து வர முயலுங்கள்.

இணையத்தில் பிரதம் புக்ஸ் என்ற சிறார் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளம் 2015 முதல் இயங்குகிறது. எல்லாக் கதையும் இலவசம், அச்சிட்டுப் பகிரவும் உரிமை உண்டு. நான்கு நிலை: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். அச்சிடும்போது கடைசியில் இருக்கும் உரிமக் குறிப்புப் பக்கத்தைக் காகிதம் மிச்சம் என்று வெட்டிவிடாதீர்கள். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் அதில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழின் தரம் ஏறி இறங்கும். தளமே பரிந்துரைக் குறி இட்டவற்றில் தொடங்கி, ஒருமுறை நீங்கள் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நாக்கு தடுக்கினால் அந்தக் கதை வேண்டாம்.

வேலூருக்கு மட்டும் உரிய ஒரு பயன் இதில் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கின்றன. கூட வந்த பிள்ளைகளுக்குச் செய்ய எதுவும் இல்லை. ஸ்டோரிவீவரில் ஒரே கதை வங்கத்திலும் இந்தியிலும் தமிழிலும் கிடைக்கும். மூன்றையும் அச்சிட்டு ஒன்றாகத் தைத்து வைத்தால் வங்கப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே படத்தைப் பார்த்து ஆளுக்கொரு மொழியில் வாசிப்பார்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது படிக்கும் வீடுகளுக்கும் இதே வழி. அகாதெமி 24 மொழிகளுக்கு விருது தருகிறது, உருதுவிலும் தெலுங்கிலும் பால புரஸ்கார் உண்டு. அந்த வீட்டுப் பெரியவரை வைத்து உருது நூல் ஒன்றை வாசிக்கச் செய்து, பிள்ளைகளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

மருத்துவமனைப் பக்கம் புத்தகம் கொண்டுபோகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இமையத்தின் செல்லாத பணம் (2020) இந்தப் பட்டியலின் வலிமையான நாவல்களில் ஒன்று. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வெளியே, கையில் பணம் இருந்தும் மகளைக் காப்பாற்ற முடியாமல் நிற்கும் பெற்றோரின் கதை. நோயாளியோடு வந்திருப்பவர் கையில் தெரியாமல்கூட இதைக் கொடுத்துவிடாதீர்கள். ஊரில் உள்ள வட்டத்தில் வாசியுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் பேச அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள், தேவைப்படும்.

மூத்தவர்களுக்கு வரும் சிக்கல் எழுத்தின் அளவு. பெரிய எழுத்துப் பதிப்பு தமிழில் அரிது. நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது யாரும் அச்சிடலாம் என்று அரசு பொதுவாக்கிய நூல்களில் மட்டும் இதற்கு எளிய வழி இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை. 1956 விருது பெற்ற அலை ஓசையை தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து இறக்கி, எழுத்தை 18 புள்ளிக்கு ஏற்றி, வரி இடைவெளியைக் கூட்டி, அத்தியாயம் அத்தியாயமாக அச்சிடலாம். முதல் தமிழ் விருதான ரா.பி. சேதுப்பிள்ளையின் தமிழின்பமும் (1955) நாட்டுடைமைதான். கட்டுரைகள் மேடைப் பேச்சின் ஓட்டத்தில் இருப்பதால் கேட்க இனிமை. உரிமை உள்ள நூல்களை ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம். சில நூறு படி விற்கும் எழுத்தாளர் வயிற்றில் அது அடிப்பது. அவற்றுக்கு ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்பதே வழி.

கேட்டு வாசிப்பது என்றதும் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரை நாளிதழ் வாசிக்க வைத்துக் கேட்டபடியே வேலை செய்தது கேரள வாசிப்பு வரலாற்றில் பதிந்த செய்தி. கை வேலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். நம் பக்கத்துத் திண்ணையிலும் அது நடக்கும். வாசிக்கிறவர் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், சாயங்காலம் தேநீர் நேரத்துக்கு முன். மாதக் கணக்கில் தொடரும் நாவல் வேண்டாம், ஒரே மூச்சில் முடியும் கதையாக எடுங்கள். வாசிக்கிற பிள்ளைக்கு இலை வெட்டும் வேலையிலிருந்து அந்த இருபது நிமிடம் விடுதலை என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது நாளே புத்தகம் கீழே இறங்கிவிடும்.